கக்கூஸுக்குப் பொட்டு வைத்த கதை

விஜயலெட்சுமிக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்தவர்கள் இதுவரை பதினொரு பேர். முதலாவது ஆள் பண்டாரவளையில், ஒரு ஹோட்டல் மண்டபத்து மேடையில் நின்று, வெறுங்கையை வெறுங்கையோடு தேய்த்துக் காட்டினார். மேடையில் தண்ணீர் கிடையாது. கடைசி ஆள் பதுளையில் திரை கட்டிப் படம் போட்டு, கை கழுவுவதில் ஏழு படிகள் இருக்கின்றன என்றார். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பைல், ஒரு பேனா, மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல். ஒருமுறை பார்சலைக் கையில் வாங்கிக்கொண்டு, "கை கழுவுற எடம் எங்கங்க?" என்று அவள் கேட்டுவிட்டாள். ஏழு படிகளையும் சொல்லித் தந்த ஐயாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மண்டபத்துக் காவலாளியைத் தேடிப் போனவர் சாப்பாடு முடியும்வரை திரும்பவில்லை.

இத்தனைக்கும் அவள் இருபத்தாறு வருடமாகப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை கழுவுகிறவள். நமுனுகுல மலையின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிற தேயிலைத் தோட்டத்தின் மேல்டிவிஷன் அது. தாய்மார் விடிந்தும் விடியாமலும் குழந்தைகளை அவளிடம் போட்டுவிட்டுப் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுவார்கள். கொழுந்து நிறுத்து முடிந்து நாலரை மணிக்கு வந்து தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்குப் போவார்கள். வாசலில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பலகை மாட்டிப் பல வருடமாகிறது. அந்தப் பெயரைச் சொல்லி அங்கே ஒரு பிள்ளைகூட வந்ததில்லை. எல்லாருக்கும் அது பிள்ளைக்காம்பரா, அவள் ஆயம்மா.

அவள் வாழ்க்கையைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். கீழ்டிவிஷன் லயத்தில் பிறந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் கைவிட்டது. கலியாணம் செய்த இரண்டாம் வருடம், கொழும்புக்குக் கடைவேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அழுது முடித்த கையோடு பிள்ளைக்காம்பரா வேலை கிடைத்தது. அன்றிலிருந்து பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி, நகம் வெட்டி, பேன் பார்த்து, பின்புறம் கழுவி வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. செவ்வாய் வெள்ளியில் நகம் வெட்டினால் தாய்மார் சண்டைக்கு வருவார்கள் என்பதும், காலையில் பனி இறங்கும் மலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் அந்தப் பிள்ளை பிறகு ஆறு மாதத்துக்குத் தண்ணீரைக் கண்டாலே ஓடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அடுப்பில் கேத்தலை வைத்து, வாளித் தண்ணீரோடு விளாவி, முதலில் தன் கையை நனைத்து, "ஆ, நல்லா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பிள்ளை தானாகக் கையை நீட்டும். இது எந்தப் பயிற்சியிலும் வரவில்லை. அதனால் யாரும் இதை ஒரு அறிவாகவும் எண்ணவில்லை.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. பிள்ளைகளுக்குச் சுத்தப் பழக்கம் ஊட்டுகிற திட்டம். காம்பராவோடு ஒட்டி ஒரு சின்னக் கக்கூஸ் கட்டித் தந்தார்கள். குறை சொல்ல முடியாது. தண்ணீர் வந்தது. தரை, சுவர் எல்லாம் வெள்ளை டைல்ஸ். முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிக் கொமட். வெளியிலிருந்து ஆயம்மா எட்டிப் பார்க்கத் தோதாகப் பாதி உயரக் கதவு. அந்தக் கதவில்தான் வினையே. திட்டத்தின் அடையாளமாக அதில் ஒரு நீலத் தண்ணீர்த்துளியை வரைந்து, இரண்டு பெரிய கண்ணும் சிரித்த வாயும் வைத்தார்கள். அதற்குத் துளித்தம்பி என்று பெயர். பிள்ளைகள் பயப்படாமல் சிநேகமாக உள்ளே போகவாம்.

அதோடு விட்டிருக்கலாம். தோட்டத்து நலன்புரி அதிகாரி கிருஷ்ணராஜ் விடுவாரா? ஆறு கோழிக்கு ஒரு கூடு கட்டினாலும் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கிற மனிதர். திறப்பு விழா வைத்தார். கதவுக்கு மேலே மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. திட்ட அதிகாரி சரோஜாதேவி பதுளை அலுவலகத்திலிருந்து வந்து ரிப்பன் வெட்டினார். லயத்து மாரியம்மன் கோயில் பூசாரி அழகர், கழுத்தில் துண்டோடு வந்து, கக்கூஸ் வாசலில் பால் பொங்கவைத்துத் தேங்காய் உடைத்தார். கதவுக்கு விபூதிப் பட்டை அடித்தார். துளித்தம்பியின் நெற்றி தோதாக இருந்தது போலும், நட்ட நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார். தோட்டத்துத் துரை பார்த்துக்கொண்டிருந்தார். விஜயலெட்சுமியும் பதினான்கு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "செருப்பைக் கழட்டுங்க, கும்புடுங்க" என்றாள். கும்பிட்டார்கள். ஆளுக்கொரு வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் கிடைத்தன.

பிறகு கிருஷ்ணராஜ் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார். கையளிப்புக் கடிதம் வரும்வரை யாரும் அழுக்காக்கக் கூடாதாம். பத்து நாள் பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் இரண்டு கையாலும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். மூன்று வயதும் நான்கு வயதுமான மண்டைகளுக்கு இதில் என்ன சந்தேகம்? நெற்றியில் பொட்டு, வாசலில் பூசை, பூட்டிய கதவு, நீல நிறம். இவ்வளவும் இருந்தும் அது சாமி இல்லையென்றால் வேறு எதுதான் சாமி? அதற்கு நீலச்சாமி என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

சாவி கைக்கு வந்த அன்று விஜயலெட்சுமி பெரிய பையன் துஷாந்தைக் கூப்பிட்டாள். பெரியவன் என்றால் ஐந்து வயது.

"உள்ள போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வா."

"சாமி இருக்கு ஆயம்மா."

"சாமி இல்லடா. கக்கூசு."

"அப்ப எதுக்கு அன்னைக்குக் கும்புடச் சொன்னீங்க?"

துரை பார்க்கிறார் என்று கும்பிடச் சொன்னேன் என்று ஐந்து வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஊரெல்லாம் முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தவள் தானும் அதே வரிசையில் நின்று கைகூப்பியிருக்கிறாள்.

முன்பு பிள்ளைகள் காம்பராவுக்குப் பின்னால் கான் ஓரமாக, அதாவது தண்ணீர் ஓடுகிற சாக்கடையோரமாக, குந்திவிட்டு வருவார்கள். திட்டம் வந்ததும் கிருஷ்ணராஜ் அந்தப் பக்கம் கம்பி வலை அடித்துவிட்டார். வெளியில் யாரும் போகாத பிள்ளைக்காம்பரா என்று ஒரு பலகை வேறு. ஆக, வெளியேயும் போக முடியாது, உள்ளேயும் சாமி. சில பிள்ளைகள் வலைக்கு அடியில் நுழைந்து போனார்கள். சில பிள்ளைகள் காற்சட்டையோடு முடித்தார்கள். விஜயலெட்சுமி நாளுக்கு ஏழெட்டுக் காற்சட்டை துவைத்தாள். அதுகூடப் பரவாயில்லை. தர்மிளா மட்டும் எதையும் செய்யவில்லை. அடக்கினாள்.

நான்கு வயதுப் பெண். சட்டையில் ஒரு பருக்கை சிந்தினாலும் அழுகிற சுத்தக்காரி. காற்சட்டையை நனைக்க மானம் விடாது, வலைக்கு அடியில் நுழையவும் மனம் வராது, சாமி வீட்டிலும் செய்ய முடியாது. காலையில் ஆறு மணிக்கு வந்தால் மாலை நாலரைவரை காலைப் பின்னிக்கொண்டு மூலையில் இருப்பாள். இரண்டு மாதத்தில் இரண்டு தரம் காய்ச்சல். இரண்டாவது தரம் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை இப்படி அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு, இன்னொரு தரம் வந்தால் வார்டில் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

தாய் நிரஞ்சலா மறுநாள் வந்து வாசலில் நின்றாள்.

"ஏம்மா, ஒரு புள்ளைய ஒண்ணுக்குப் போக வைக்க ஒங்களால முடியலியா? இருபத்தாறு வருசமா என்னதான் செஞ்சீங்க?"

"ஒம்புருசனக்கூட நாந்தான் கழுவி விட்டேன். வந்து கேட்டுப்பாரு."

"அவரு கத இருக்கட்டும். இவளுக்கு என்னா செய்யிறீங்க?"

"நீ வீட்டுல சொல்லு, அது சாமி இல்லன்னு."

"சொன்னேன். அழகர் மாமாவே பூச போட்டாரு, ஒனக்கு என்னா தெரியுமுன்னு கேக்குறா."

மற்றதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். இது அப்படியல்ல. அந்த வாரத்திலிருந்து தர்மிளா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பால் கொடுத்தால் வேண்டாம், கஞ்சித் தண்ணீர் வேண்டாம். குடித்தால்தானே வரும் என்று அந்தச் சின்ன மூளை கண்டுபிடித்துவிட்டது. வெடித்துக் கிடந்த உதட்டில் விஜயலெட்சுமி ஈரத்துணியை ஒற்றிவிட்டாள். பிள்ளைகள் உடம்பில் அவள் பார்க்காத கோளாறு இல்லை. ஆனால் ஒரு பிள்ளை சாமிக்குப் பயந்து தன்னைத் தானே காயப்போடுவதை அவள் பார்த்ததில்லை.

முதலில் தானே உள்ளே போய்க் காட்டினாள். பாதிக் கதவுக்கு மேலே தலை தெரிய நின்று, "பாருங்க, ஆயம்மா போறேன்" என்றாள். பதினான்கு பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் துஷாந்த் விளக்கம் சொன்னான்:

"நீங்க போலாம் ஆயம்மா. நீங்கதான சாமிக்குப் பூசாரி."

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். சாவி அவளிடம். தினமும் காலையில் திறந்து கழுவித் துடைப்பது அவள். பூசாரி வேறு என்ன செய்கிறார்?

கதவை வேறு நிறத்தில் அடித்துவிடலாமா என்று கிருஷ்ணராஜிடம் கேட்டாள்.

"அது திட்டத்தோட சின்னம். அழிச்சா நான் பதில் சொல்லணும்."

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா யாருங்கையா பதில் சொல்றது?"

"அதுக்குத்தான் ஒங்களப் பயிற்சிக்கு அனுப்புறோம்" என்றார் அந்தப் புண்ணியவான்.

பிறகுதான் அழகரிடம் போனாள். "ஒண்ணும் செய்ய வேணாம் அண்ணே. வந்து, இங்க சாமி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

"சும்மா சொன்னா எடுபடுமா? ஆகாத பேச்சு. வச்சத முறையா எடுக்கணும்."

"நீங்க எங்க சாமிய வச்சீங்க? பொட்டுத்தான வச்சீங்க."

"பொட்டு வச்சா வச்சதுதான்."

முறையாக எடுக்க வந்தார் மனிதர். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர்ச் செம்பு, உடுக்கை. கக்கூஸ் வாசலில் கால் மணி நேரம் உடுக்கையடித்து, கண்ணைச் செருகி, சாமியைச் செம்பில் இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். அதுவரை இலேசாகச் சந்தேகப்பட்ட இரண்டு பேருக்கும் சந்தேகம் தீர்ந்தது. சாமி இல்லாவிட்டால் அழகர் தாத்தா எதை எடுத்துப்போனார்?

"அதான் சாமி போயிருச்சில்ல. இப்பப் போங்க" என்றாள்.

தர்மிளா கதவைக் காட்டினாள். "செம்புல ஒரு சாமிதான் போச்சி. இது இங்கதான இருக்கு."

நீலத்துளி கண்ணை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. விஜயலெட்சுமிக்கு அதை அறைய வேண்டும் போலிருந்தது.

இந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. வியாழக்கிழமை சரோஜாதேவி மேடம் நேரில் வருகிறார். பிள்ளைகள் கக்கூஸைப் பயன்படுத்துவதைப் படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பார். கிருஷ்ணராஜ் ஓடிவந்து, பிள்ளைகளைத் தோளில் துவாயோடு வரிசையில் நிறுத்தினால் போதும், உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லை, கல்யாண வீட்டுப் படம் மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்றார். கக்கூஸ் வாசலில் கல்யாணப் படம். விஜயலெட்சுமிக்கு வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. யார் போனால் இந்தப் பிள்ளைகள் நம்பும்? தாய்மார் சொன்னது எடுபடவில்லை. ஆயம்மா பூசாரி. அழகரை இனி நினைக்கவே வேண்டாம். துரையைக் கூப்பிட முடியாது. மிச்சம் இருப்பது ரிப்பன் வெட்டித் திறந்த ஆள்தான்.

வியாழக்கிழமை காலை பெரிய கேத்தலை அடுப்பில் ஏற்றினாள். இஞ்சியைத் தட்டிப் போட்டாள்.

மேடத்தின் வேன் பத்தரை மணிக்கு மலை ஏறி வந்தது. மழை பிடித்திருந்தது. குளிரில் அந்த அம்மாள் கைகளைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். வரும் வழியில் ஆபீசில் ஒரு தேத்தண்ணி, பேக்டரியில் ஒரு தேத்தண்ணி முடித்திருப்பார் என்பது விஜயலெட்சுமியின் கணிப்பு. தோட்டத்துக்கு வருகிற எந்தப் பெரிய மனிதரையும் யாரும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

"ஐயோ, எனக்கு வேண்டாம் அம்மா. இப்பதான் குடிச்சனான்."

"குளிருக்கு இஞ்சி போட்டது மேடம். பிள்ளைக்காம்பராவுல ஒண்ணும் குடிக்காமப் போனா எங்களுக்குக் கொறையாப் போயிரும்."

குடித்தார். பெரிய கோப்பை. பிறகு பதிவேடு பார்த்தார், நிறை அட்டை பார்த்தார், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரும் கேட்டார். விஜயலெட்சுமி எந்தப் பதிவையும் கேட்டவுடன் எடுக்கவில்லை. அலமாரியில் மேலே தேடினாள், கீழே தேடினாள். நடுவில் இன்னொரு கோப்பை.

"நீங்க நல்லா உபசரிக்கிறீங்கள்" என்று சிரித்தார் மேடம்.

"நம்மளால முடிஞ்சது இவ்வளவுதாங்க."

பதினொன்றரைக்கு மேடம் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்து கிருஷ்ணராஜை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இஞ்ச வோஷ்ரூம் எங்க இருக்கு?"

அறிக்கையில் மலசலகூடம் என்று நாற்பது இடத்தில் எழுதுகிறவருக்கு, தனக்கென்று வரும்போது அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"பங்களாவுக்குப் போயிரலாம் மேடம். வேன்ல இருபது நிமிசம்" என்றார் கிருஷ்ணராஜ்.

"இருபது நிமிசமோ?" மேடத்தின் முகம் மாறியது. வந்த வழியின் ஒவ்வொரு குழியும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

விஜயலெட்சுமி சாவிக்கொத்தோடு நின்றாள். "இங்கயே இருக்குதுங்களே. நீங்க கட்டினதுதான். சுத்தமா வச்சிருக்கேன்."

"அது பிள்ளையளின்ர எல்லே. சின்னன்."

"சின்னதுன்னாலும் தண்ணி வருதுங்க."

"விஜயலெட்சுமி, என்னா பேச்சு இது" என்று கிருஷ்ணராஜ் பல்லைக் கடித்தார்.

"வேற எடம் இருந்தாக் காட்டுங்கையா. வலையும் நீங்கதான அடிச்சீங்க."

மேடம் இந்தச் சண்டைக்கு நிற்கவில்லை. காலில் போட்டிருந்த சப்பாத்தோடு விறுவிறுவென்று நடந்தார். பதினான்கு பிள்ளைகளும் காம்பரா வாசலில் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். சாமி வீட்டுக்குள் சப்பாத்து. நீலச்சாமியின் நெற்றியில் கை வைத்து மேடம் கதவைத் தள்ளினார். விஜயலெட்சுமி கதவுக்கு முன்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். அவ்வளவு மானம் அந்த அம்மாளுக்கும் வேண்டும்தானே. குடை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. நான்கு கோப்பைத் தேத்தண்ணி டைல்ஸ் அறையில் முழங்கியது. கிருஷ்ணராஜ் நமுனுகுல மலையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலத் திரும்பி நின்றார்.

பிள்ளைகள் வானத்தைப் பார்த்தார்கள். மழை அதே தூறலாகத்தான் இருந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

மேடம் வெளியே வந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. குழாயைத் திறந்து இரண்டு விரல் நுனியை நனைத்து உதறினார். ஏழு படியில் இது எந்தப் படி என்று விஜயலெட்சுமிக்குத் தெரியவில்லை.

"சாமிக்குக் கோவம் வரலியா?" என்று துஷாந்த் மேடத்தையே கேட்டான்.

"என்ன சாமி?"

"உள்ள இருக்கிற நீலச்சாமி."

மேடம் கதவைப் பார்த்தார். சந்தனக் கறையைப் பார்த்தார். கிருஷ்ணராஜைப் பார்த்தார். "அது துளித்தம்பி எல்லோ. சாமியில்லை ராசா, தண்ணி" என்றார். இதைத்தான் விஜயலெட்சுமி இரண்டு மாதமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் சொன்னது வாயால். மேடம் போய்விட்டு வந்து சொன்னார்.

துஷாந்த்தான் முதலில் ஓடினான். அவன் பின்னால் இரண்டு பேர். உள்ளே சிரிப்பும் தண்ணீர்ச் சத்தமும். விஜயலெட்சுமி அவர்களைப் பார்க்கவில்லை. அவள் பார்வை, மறுபடி மூலைக்குப் போய் உட்கார்ந்திருந்த பிள்ளை மேல் இருந்தது. தர்மிளா கால் பின்னியபடி எழுந்து நின்றாள். பிறகு மெதுவாக வந்து ஆயம்மாவின் சீலையைப் பிடித்தாள்.

"நானும் சப்பாத்து போட்டுக்கணுமா?"

"வேணாம்டி. இப்பிடியே வா."

உட்கார வைத்தாள். பிள்ளை அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. வெளியே மேடம் கமராவைத் தயாராக்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளை வெளியில வரேக்க ஒரு படம் எடுக்கட்டே?" என்றார்.

"எடுக்க வேணாங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றாள் விஜயலெட்சுமி, திரும்பிப் பாராமலே. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெரிய மனுசியைப் பார்த்து அப்படி அவள் பேசியதில்லை.

குழாயை இலேசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் நூலாக விழுந்தது. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, முழங்கால் விறைத்துப்போனது. பிறகு வந்தது. முதலில் சொட்டு, பிறகு நிற்காமல். கடுத்திருக்க வேண்டும், பிள்ளை முனகியது. ஆனாலும் எழவில்லை.

திட்டத்தின் அறிக்கையில், சித்திரங்கள் மூலம் பிள்ளைகளிடம் நல்ல மாற்றம் ஏற்பட்டதாக எழுதினார்களாம். கிருஷ்ணராஜ் வாசித்துக் காட்டினார். எழுதட்டும். மேடம் வந்த அன்று தர்மிளா இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தாள், நாலு தரம் உள்ளே போனாள். நாலரை மணிக்கு நிரஞ்சலா வேலைக்குக் கட்டிய சாக்கு மழையில் நனைந்தபடி வந்து தூக்கியபோது, "இரும்மா, இன்னொருக்கா போயிட்டு வர்றேன்" என்று இடுப்பிலிருந்து நழுவி இறங்கி ஓடினாள்.

"இனி இதே வேலையா இருப்பா போல" என்றாள் நிரஞ்சலா.

"இருக்கட்டும். நில்லு" என்றாள் விஜயலெட்சுமி.